தூங்கி நிறுத்திய போர்

"ரெண்டு பக்கமும் பீரங்கியைத் துடைச்சு, குண்டை உள்ள தள்ளி, கயித்தை இழுக்கிறதுதான் பாக்கின்னு நின்ன ஒரு மகா யுத்தத்தை, ஒத்தை ஆளா, ஒரு தோட்டாகூடச் செலவில்லாம, நான் தூங்கியே நிறுத்தினேன்" என்றார் ஜெனரல், வறுத்த மீனின் நடுமுள்ளை எதிரியின் சாலையைத் துண்டிப்பதுபோல ஒரே இழுப்பில் உருவியபடி.

அவர் மனைவி சாப்பிடுவதை நிறுத்தவில்லை. அந்த அம்மாள் இந்தக் கதையைக் கேட்ட தடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உச்சியில் பனி உறைந்து கிடக்கும். எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்திதான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க தூங்கலை, சம்பந்தி."

"தூங்கினேன்."

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்க."

"அட, தூங்கினவன் நான். எனக்குத் தெரியாதா?"

"தூங்கினவங்களுக்குத்தான் அது தெரியாது" என்றார் சம்பந்தி, கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டே.

அந்தக் கைக்குட்டையைப் பற்றிச் சொன்னால் ஆளைப் பற்றிச் சொன்ன மாதிரி. நான்காக மடித்து, மடிப்பின்மேல் தானே இஸ்திரி போட்டு, கோப்புபோலப் பையில் வைத்திருப்பார். தேசப் பாதுகாப்புக் குழுவின் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின்னும் ஊரே அவரைச் செயலர் என்றுதான் அழைத்தது. 'எங்க சம்பந்தி தும்மினாக்கூட முன்னுரை, உட்பிரிவு, பரிந்துரைன்னு மூணா பிரிச்சுத்தான் தும்முவார்' என்று ஜெனரல் சொல்லித் திரிவதை அவர் மறுத்ததில்லை. அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

அவருடைய மகனுக்குத்தான் ஜெனரலின் மகளைக் கொடுத்திருந்தது. இளசுகள் இரண்டும் வேறு ஊரில் குடித்தனம். பேரக்குழந்தையைப் பார்க்கச் செயலரின் மனைவி அங்கே போய் உட்கார்ந்துகொண்டதில் செயலருக்கு மதியச் சாப்பாடு ஜெனரல் வீட்டில் என்று ஆனது. சாப்பாட்டோடு இந்தக் கதையும் தினப்படி பரிமாறப்பட்டது.

மற்ற வீடுகளில் பெருமை பேசுகிறவர் செய்யாத வீரத்தைச் செய்தேன் என்பார். கேட்கிறவர் 'போதும் விடும்' என்பார். இந்த வீட்டில் எல்லாம் தலைகீழ். ஜெனரல் 'நான் வாயில் ஈ போவது தெரியாமல் தூங்கினேன்' என்று மார்தட்டுவார். செயலர் 'இல்லை, நீர் மகா ராஜதந்திரி' என்று மல்லுக்கட்டுவார். வாசலில் காய்கறி விற்க வருகிறவர்கூட இந்தச் சண்டையைக் கேட்டுவிட்டு, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று புரியாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

நடந்தது இதுதான்.

நாட்டின் எல்லையில் மொட்டைக் குன்று என்று ஒரு குன்று. புல் முளைக்காது, ஆடு ஏறாது. அங்கே நம் பக்கத்துச் சிப்பாய்கள் ஒரு கழிப்பறை கட்டினார்கள். நாலு தகரம், ஒரு கதவு, உள்ளே கொக்கி. கட்டி முடித்து முதல் ஆள் உள்ளே போய்க் கொக்கி போட்டதுமே அடுத்த பக்கத்திலிருந்து ஒலிபெருக்கி அலறியது: எங்கள் மண்ணில் உட்கார்ந்திருக்கிறீர்கள்!

இரண்டு பக்கமும் வரைபடத்தை விரித்தார்கள். அதில்தான் வினை. எந்தக் காலத்திலோ எல்லைக்கோட்டைப் போட்ட அதிகாரி பென்சிலைச் சீவாமல் போட்டுவிட்டார். தாளில் அது ஒரு நூல் கனம்; தரையில் ஒரு லாரி திரும்புகிற அகலம். கழிப்பறை அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்றது. கோட்டின் இந்த விளிம்புதான் எல்லை என்றார்கள் அவர்கள். அந்த விளிம்புதான் என்றோம் நாம். 'அந்த மகராசன் மட்டும் பென்சிலைச் சீவியிருந்தா எனக்குப் பாதி பதக்கம் கிடைச்சிருக்காது' என்பார் ஜெனரல்.

நாலு மணிக்குள் இடிக்காவிட்டால் சுடுவோம் என்று அங்கிருந்து கெடு வந்தது. ஒரு தகரம் பெயர்ந்தாலும் பதில் சுடுவோம் என்று இங்கிருந்து வீறாப்பு போனது. கடைசி முயற்சியாக எல்லையில் ஒரு சந்திப்பு. கோட்டின்மேல் ஒரு மேஜை. பாதி மேஜை அங்கே, பாதி இங்கே. இந்தச் சந்திப்புக்கென்று ஒரு பழைய முறை உண்டு. மேஜையில் இருப்பவர்களில் பதவியில் மூத்தவர் எவரோ அவர் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழலாம். அதற்கு முன் எழுந்தவர் பேச்சை முறித்தவர் ஆவார். பிற்பாடு நடக்கிற கேட்டுக்கெல்லாம் அவர் நாடுதான் பொறுப்பு. அன்றைக்கு மேஜையில் மூத்தவர் நம் ஜெனரல். அவர்களுடைய ஜெனரலைவிடச் சில மாதம்தான் மூப்பு. ஆனாலும் மூப்பு மூப்புதான்.

"மூணு ராத்திரி தூக்கமில்ல. மலைமேல ஏறி இறங்கி என் முழங்கால் ரெண்டும் ராஜினாமா குடுத்திருச்சு" என்று இந்த இடத்தில் ஜெனரல் வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தினார். "போதாக்குறைக்குச் சளி. டாக்டர் ஒரு மாத்திரை குடுத்தான் பாருங்க. யானைக்குக் குடுக்கிறதாத்தான் இருக்கணும். உக்காந்தேன். அவன் பேச ஆரம்பிச்சான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"கண்ணு திறந்திருந்துச்சுன்னு அவங்க ஜெனரலே சொன்னார்" என்றார் செயலர்.

"கண்ணைத் திறந்துகிட்டுத் தூங்கறதை ராணுவப் பள்ளியில முதல் வருஷமே கத்துக்கிட்டவன் நான். வரலாறு எடுத்த வாத்தியார் என்னைக் காட்டித்தான் மத்த பசங்களைத் திட்டுவார். 'அவனைப் பாருங்கடா, எப்படிக் கவனிக்கிறான்!'"

மேஜையின் எதிர்ப்பக்கத்து ஜெனரல் என்ன கண்டார்? சிமிட்டாத இரண்டு கண்களைக் கண்டார். 'இடிக்கிறீர்களா?' என்றார். பதில் இல்லை. 'நாலு மணி நெருங்குகிறது' என்றார். சலனம் இல்லை. நம் பக்கத்து அதிகாரிகளோ தலைவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற ஒழுங்கில் நேரே வெறித்துக்கொண்டிருந்தார்கள். மணி நாலு ஆனது. அவர்கள் பீரங்கி சுடவில்லை. எப்படிச் சுடும்? சொந்த ஜெனரல் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். சுட்டால் அவர் தொப்பியும் சேர்ந்தல்லவா பறக்கும்! அவர் எழ வேண்டுமானால் நம் ஆள் எழ வேண்டும். நம் ஆளோ எந்த உலகத்திலோ இருந்தார்.

அப்படியே மூடுபனி இறங்கியது. குன்று மறைந்தது, கழிப்பறை மறைந்தது, குறி பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. எதிர்ப்பக்கத்து ஜெனரலுக்குக் குளிர ஆரம்பித்தது. குளிர ஆரம்பித்தால் மனிதனுக்கு நியாயம் புரியும். அவரே பேசினார், அவரே பதில் சொன்னார், அவரே இறங்கி வந்தார். கடைசியில், கழிப்பறை நிற்கட்டும், ஒற்றைப்படை நாளில் நாங்கள், இரட்டைப்படை நாளில் நீங்கள் என்றார். அந்த நேரம் பார்த்து யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். டீ வாசனைக்கு நம் ஜெனரல் விழித்தார், கோப்பைக்குக் கையை நீட்டினார். நீண்ட கையை எதிர்ப்பக்கத்து ஜெனரல் இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கினார். சமாதானம்!

"அந்த டீயை நான் குடிக்கவே இல்லை" என்று ஜெனரல் பெருமூச்சு விட்டார். "அதுக்கு ஒரு பதக்கம் குடுத்தாங்களா? இல்லையே."

செயலருக்கு இந்தக் கதையின்மேல் இவ்வளவு கோபம் வரக் காரணம் இருந்தது. அன்றைக்கு அவரும் அங்கே இருந்தார். இளம் அதிகாரி, ஜெனரலுக்கு நேர் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில். அவர் கண்டதெல்லாம் ஒரு முதுகு. என்ன முதுகு அது! அதை வைத்து நூல் பிடித்துக் கட்டடம் கட்டலாம், அவ்வளவு நேர். அந்த முதுகைப் பார்த்துத்தான் செயலர் தன் வாழ்நாளின் ஒரே பெரிய காரியத்தைச் செய்தார். 'அசையாமைக் கொள்கை' என்று ஒன்றை எழுதினார். மேஜையில் பேசாமல், அசையாமல், எதிராளியின் கண்ணை நேரே பார்த்துக்கொண்டிருப்பவனே வெல்வான் என்பது அதன் சாரம். கழிப்பறை அதில் 'முன்னணிக் கட்டுமானம்' என்று கௌரவமாக வந்தது. மந்திரிகள் படித்தார்கள், தலையாட்டினார்கள். ராணுவக் கல்லூரியில் பாடமானது. படிப்படியாக ஏறிப் பிடித்த செயலர் பதவியும் அதனால் வந்ததுதான். அது தூக்கத்தில் முளைத்த கொள்கை என்றால், அவர் ஆயுசு முழுக்க ஒரு குறட்டைக்கு உரை எழுதினவர் என்றாகிவிடும்.

இப்போது கல்லூரியில் பாடங்களை மாற்றப்போகிறார்கள். பழையது எது நிற்கும், எது போகும் என்று முடிவு செய்வதற்குமுன், கொள்கையை எழுதியவரையே ஒருமுறை வந்து பேசச் சொன்னார் கல்லூரியின் தலைவர். கையோடு ஜெனரலையும் முக்கிய விருந்தாளியாக அழைத்துவிட்டார். அன்றிலிருந்து செயலருக்கு மீன் முள்ளில்லாமலே தொண்டையில் சிக்கியது.

"சம்பந்தி" என்றார் கை கழுவி வந்து. "ஒரு உதவி. கல்லூரியில நீங்க இந்தத் தூக்கக் கதையைச் சொல்லக் கூடாது."

"ஏன்? பசங்க ரசிப்பாங்களே."

"அதனாலதான் சொல்றேன். அவங்க ரசிச்சுட்டா என் பாடம் போச்சு."

ஜெனரல் மீசையை நீவினார். சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். கேலி செய்ய ஆயிரம் வாசகம் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றிருக்க வேண்டும். எல்லாவற்றையும் வாபஸ் வாங்கினார்.

"சரி. ஒரு வார்த்தை பேச மாட்டேன். போதுமா? என் தொப்பிமேல சத்தியம்."

"ஒரு வார்த்தைகூட?"

"வணக்கம்கூடச் சொல்ல மாட்டேன். கும்பிட்டுட்டு உக்காந்துக்கறேன்."

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெனரலின் மனைவி நிமிர்ந்தார். "பேசாம உக்காந்திருக்கப் போறாரா? இவரா? நல்லதுதான், சம்பந்தி. ஆனா ஒண்ணு. எனக்கு இப்பத்தான் ஒரு சந்தேகம் வருது. ராத்திரி இவர் கண்ணை மூடித்தான் தூங்கறார், ஊருக்கே கேக்குது. ஆனா கண்ணைத் திறந்துகிட்டும் தூங்குவேன்கிறாரே... நான் எங்க அண்ணன் வீட்டு விஷயம் பேசறப்பல்லாம் அசையாம என்னையே பாத்துக்கிட்டு இருப்பார். மனுஷன் என்ன பொறுமைன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"அது பொறுமைதான்டி" என்றார் ஜெனரல் அவசரமாக.

"நான் உங்களைக் கேக்கலை. சம்பந்தியைக் கேட்டேன்."

"பொறுமைதான் சம்பந்தியம்மா" என்றார் செயலர். அன்றைக்கு இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கல்லூரியின் விரிவுரைக் கூடம் ஒரு ரயில் நிலையத்தை விழுங்கிய நீளம். தரையில் முகம் பார்க்கலாம். பார்த்துச் சவரமே செய்துகொள்ளலாம். அதிகாரிகளின் காற்சட்டை மடிப்புகள் கை பட்டால் ரத்தம் வரும் கூர்மை. முதல் வரிசை நடுவில், எல்லா நாற்காலியையும்விட ஒரு சாண் உயரமான நாற்காலியில் ஜெனரலை உட்கார வைத்தார்கள். கொடுத்த வாக்குப்படி அவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி. அந்தக் கூடத்திலும் அதே சட்டம்: அவையில் மூத்தவர் எழாமல் யாரும் எழக் கூடாது, டீக்கும் கூடாது, தீப்பிடித்தாலும் கூடாது. ஜெனரலைவிட மூத்தவர்கள் அங்கே சுவரில் படமாகத் தொங்கியவர்கள் மட்டும்தான்.

செயலர் மேடையேறினார். கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினார். தொடங்கினார்.

நன்றாகவே பேசினார். அந்த முதுகைப் பற்றிச் சொன்னபோது பின்வரிசையில்கூட முதுகுகள் நிமிர்ந்தன. "மணி நாலு. மேஜையில் ஒரு பேச்சில்லை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நிசப்தத்தில், மலைக்காற்று மெல்ல விசிலடிப்பது மட்டுமே கேட்டது" என்று அவர் குரலை இறக்கியபோது ஒருத்தரும் இருமவில்லை. இந்த வாக்கியத்தை அவர் முப்பது தடவையாவது மேடைகளில் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அவருக்கே சிலிர்க்கும்.

பேசப் பேச இன்னொன்றும் நடந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் ஜெனரலை நேர் எதிரில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்கிறார். ஜெனரல் கண் சிமிட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு மரியாதை! எவ்வளவு கவனம்! கேலி பேசினாலும் உள்ளுக்குள் இந்த மனிதருக்கு என்மேல் மதிப்பு இருக்கிறது என்று செயலர் நினைத்துக்கொண்டார்.

உரை முடிந்ததும் நடு வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஒரு பெண் பிரிகேடியர். வெயிலில் கறுத்த முகம். உட்கார்ந்தபடியே பேசினார்.

"சார், அடுத்த வாரம் நான் அதே மாதிரி ஒரு மேஜைக்குப் போறேன். வேற குன்று, வேற தகராறு. ஆனா கெடு வெச்சிருக்காங்க. மேல என் பசங்க முப்பது பேர் பதுங்குகுழியில இருக்காங்க. உங்க பாடத்தை நம்பித்தான் போறேன். ஒரே ஒரு சந்தேகம். அவ்வளவு நேரம் பேசாம இருக்கிறப்ப ஜெனரல் சார் மனசுல என்ன ஓடுச்சு? எதை வெச்சு, இவன் இறங்கி வருவான்னு கண்டுபிடிச்சார்?"

"அதை ஜெனரலே சொல்லட்டுமே!" என்றார் கல்லூரித் தலைவர் உற்சாகமாக.

கூடம் முழுக்க முதல் வரிசையைப் பார்த்தது.

ஜெனரல் பேசவில்லை. அசையவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடம் காத்திருந்தது. பக்கத்து அறையில் டீக்கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டு நின்றது. ஜெனரல் அப்படியே இருந்தார். மெல்ல மெல்ல ஒவ்வொரு முகமாகப் புரிந்துகொள்ள ஆரம்பித்தது. கேள்விக்கான பதிலை அவர் வாயால் சொல்லவில்லை, செய்தே காட்டுகிறார்! இளம் அதிகாரி ஒருவர் பக்கத்தில் இருந்தவர் காதில் கிசுகிசுத்தார். கல்லூரித் தலைவர் மேடைப்பக்கம் சாய்ந்து, "அற்புதம் சார்! இதுதான் பாடம். இந்த அத்தியாயத்தில ஒரு வரியை எவனும் தொட மாட்டான். நான் பொறுப்பு" என்றார் ரகசியக் குரலில்.

செயலருக்குத் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்ததுபோல இருந்தது. ஜெனரல் வாக்கைக் காப்பாற்றியது மட்டுமல்ல, தன் கொள்கையையும் காப்பாற்றிவிட்டார். இந்த ஆனந்தத்தில் மேடையில் இடப்பக்கமாக நாலு எட்டு வைத்து நடந்தார்.

ஜெனரலின் பார்வை கூடவே வரவில்லை. அது செயலர் சற்றுமுன் நின்ற வெற்றிடத்தையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது.

செயலர் வலப்பக்கம் நடந்தார். பார்வை நகரவில்லை. மேடையின் விளிம்புக்கு வந்து குனிந்தார். அப்போது கேட்டது. மூக்கின் ஒரு துளையிலிருந்து, மெல்ல, சீராக, ஒரு விசில்.

அவருக்கு அந்த விசில் தெரியும். முப்பது மேடைகளில் வர்ணித்த விசில் அது. மலைக்காற்றென்று. அப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, ஒரு சின்னக் கேள்வி அவர் மண்டையில் வந்து நின்றது. அன்றைக்கு மூடுபனி அல்லவா கவிந்து நின்றது? காற்றடித்தால் மூடுபனி எப்படி நிற்கும்?

ஜெனரலின் மனைவி கணவர் முகத்தை ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார்.

"சம்பந்தி" என்றார் மெதுவாக, ஆனால் முதல் மூன்று வரிசைக்கும் கேட்கும்படி. "எங்க அண்ணன் வீட்டு விஷயம் பேசறப்ப இவர் வெச்சுக்கிற முகம் இதேதான்."

செயலர் நிமிர்ந்தார். கல்லூரித் தலைவர் இன்னும் பூரித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். அத்தியாயம் நிற்கும், பெயர் நிற்கும். அசையாமல் இருப்பவனே வெல்வான் என்று தானே எழுதினார்? ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தால் ஆயிற்று.

நடு வரிசையில் பிரிகேடியர் எதையோ மனப்பாடம் செய்வதுபோல உதடு அசைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப நானும் இப்படியே உக்காந்திடறேன் சார். ஒரே சிக்கல்தான். இந்தத் தடவை மேஜையில அவங்க ஆள்தான் சீனியர். அவர் கோவிச்சுக்கிட்டு எழுந்து போனாலும் நான் இப்படியேதானே இருக்கணும்?"

செயலர் கைக்குட்டையைத் தேடினார். அது கையிலேயே இருந்தது, கசங்கிப்போய். அவர் கொள்கையில் கண் இருந்தது, மௌனம் இருந்தது, முதுகு பக்கம் பக்கமாக இருந்தது. நாற்காலி இல்லை. மூத்தவர் எழாததால் யாரும் எழ முடியவில்லை என்கிற அந்தச் சாதாரணச் சங்கதியைச் சாதாரணம் என்பதாலேயே அவர் எழுதவில்லை. எதிர்ப்பக்கத்து மூத்தவர் இந்தப் பெண்ணின் மௌனத்தைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போவார். அவர் போய்ச் சேர்ந்ததும் பீரங்கி பேசும். பதுங்குகுழியில் முப்பது பேர்.

"இருக்காதீங்கம்மா" என்றார் செயலர். ஒலிவாங்கி கரகரத்தது. "பேசுங்க. வாய் ஓயாம பேசுங்க. வரைபடத்தைக் கேளுங்க, பென்சிலைக் கேளுங்க, அவர் பேரப்பிள்ளைங்களைப் பத்திக் கேளுங்க. எப்படியாவது அந்த ஆளை நாற்காலியில பிடிச்சு வெச்சுக்கங்க. அவங்க ஜெனரல் மேஜையில இருக்கிற வரைக்கும் அவங்க பீரங்கி சுடாது. அன்னிக்கு எங்களைக் காப்பாத்தினது அதுதான்."

கூடத்தில் சலசலப்பு. கல்லூரித் தலைவரின் பூரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப மௌனம், சார்? அசையாமை?" என்றார் பிரிகேடியர். "ஜெனரல் சார் இப்ப செஞ்சு காட்டிக்கிட்டு இருக்காரே?"

"செஞ்சு காட்டலை. தூங்கறார்."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப்போய், அது மூக்கு வழியாக வெடித்து, அதைக் கேட்டு இன்னொருவர், அவரைப் பார்த்து ஒரு வரிசை என்று கூடம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. ஒருத்தரும் எழ முடியாததால் எல்லாரும் உட்கார்ந்தபடியே குலுங்கினார்கள். சுவரில் தொங்கிய படங்களில் ஒன்றிரண்டு கோணிக்கொண்டன. அத்தனை அமளியிலும் ஜெனரலின் விசில் தாளம் தப்பவில்லை.

பிரிகேடியர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் மேஜைக்குப் போகிறவர் அல்லவா, முழுசாகத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

"அப்ப அன்னிக்கு, சார்? மொட்டைக் குன்றுல?"

செயலர் முதல் வரிசையைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்து ஜெனரல் அன்றைக்குக் கண்ட அதே இரண்டு கண்கள், அதே வெறிப்பு. அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. கசங்கிய கைக்குட்டையை மடிக்காமல் அப்படியே பையில் திணித்துக்கொண்டார்.

"அன்னிக்கும் தூங்கத்தான் செஞ்சார்மா" என்றார். "நான் பின்னாலயே உக்காந்திருந்தேன்."